ஒன்பது பேரும் ஓர் அத்தையும்

எங்கள் தொழிலில் ஒன்பதுக்கு மேல் எண்ணக் கூடாது. எண்ணினால் செலவு.

நான் பத்ரி. மாதுங்காவில் என் அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர், நடத்தும் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். சின்னச் சின்னக் கார்கானாக்களுக்கு, அதாவது பட்டறைகளுக்கு, லைசென்ஸ் வாங்கித் தருவது, அரசாங்கப் பாரம் நிரப்புவது, தொழிலாளர் சட்டப் பலகையைச் சுவரில் மாட்டித் தருவது ஆகியவை எங்கள் வேலை. மத்திய அரசின் சட்டங்கள் பலவும் பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில்தான் கண் விழிக்கும். பேறுகால விடுப்பு, பணிக்கொடை, ஈ.எஸ்.ஐ. வைத்தியம் எல்லாம் பத்தில் தொடங்குகின்றன. ஒன்பதில் அவை அயர்ந்து தூங்கும். அதனால் தாராவியில் நான் போய்வரும் நாற்பத்து மூன்று கார்கானாக்களிலும் மிகச் சரியாக ஒன்பது பேர்தான் வேலை செய்கிறார்கள். பத்தாவது ஆளைத் தாராவியில் எந்தத் தாயும் பெறவில்லை.

அப்படி யாரும் பெறாத ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் பேராச்சி. வயது ஐம்பத்தெட்டு. வள்ளியூர்ப் பக்கம் பிறந்து, பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்த்தார்; போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஒரே மகளை இரண்டரை வருஷத்துக்கு முன்னால்தான் நெருளில் கட்டிக்கொடுத்தார். நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கோலி என்று சொல்லும் ஒற்றை வாடகை அறையில், தனியாக இருக்கிறார்.

அய்யாத்துரையின் ஸ்கூல் பை கார்கானாவில் அவருக்கு நூல் வெட்டும் வேலை. தைத்து முடித்த பையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் வெட்டி, ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, கோணலாக இருந்தால் தைத்தவர் மடியிலேயே திருப்பி எறிவார். கழுத்தில் கயிறு போட்டுச் சின்னக் கத்தரி ஒன்று தொங்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேராச்சி கையைத் தாண்டிய பையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை. அந்த வேலையைப் பதினோரு வருஷமாகத் தரையில் சாக்கு விரித்துச் செய்துவந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வருஷாந்திரப் பாரம் நிரப்பப் போனபோது எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேர் இருந்தார்கள். அய்யாத்துரையிடம் சொன்னேன்.

"அப்பம் பேராச்சிய எடுத்துருங்க சார்" என்றார்.

"எடுத்தா அவங்க இங்க உக்காந்திருக்கக் கூடாது. யாராவது திடீர்னு வந்து எண்ணினா என்ன சொல்வேள்?"

"நூல் யாரு வெட்டுவா? அவ்வொ இங்கனதான் இருக்கணும். வேணும்னா குடும்பத்து ஆளுன்னு போட்டுருங்க."

"தங்கைன்னு போடட்டுமா?"

அய்யாத்துரை தேள் கொட்டினவர் மாதிரி நிமிர்ந்தார். "அய்யய்ய, வேண்டாம் சார். அவ்வொளுக்குக் கல்யாணத்துக்கு ஒரு மவ இருக்கா. தங்கச்சின்னு நாமளே எழுத்துல குடுத்துட்டா, நாளைக்குத் தாய்மாமன் சீரு எங்கன்னு கேப்பாவ. சொத்துல பங்குன்னு எவனாவது தூண்டி விடுவான். அத்தைன்னு போடுங்க. அய்யாவுக்குக் கூடப் பொறந்தவ. அத்தைக்கு நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்."

நானும் போட்டேன். பாரத்தில் 'ஆன்ட்' என்று எழுதினேன். அந்த உறவு சட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளவனுக்குப் படிக்க எங்கே நேரம் இருக்கிறது.

பிறகு அய்யாத்துரை பேராச்சியைக் கூப்பிட்டு, யாராவது கேட்டால் நீங்கள் எனக்கு அத்தை என்று சொல்லிவைத்தார். பேராச்சி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"அத்தைன்னா, ஒங்க அய்யா கூடப் பொறந்தவளா?"

"ஆமா."

"அப்பம் நீங்க எனக்கு மருமவன்."

"பேப்பர்லதான்."

"பேப்பர்ல எழுதிட்டா அழியுமா?" என்றார் பேராச்சி.

அது அழியவே இல்லை. மறுநாள் காலையில், மாஹிமிலிருந்து சரக்கு எடுக்க வந்த வியாபாரி முன்னால், "ஏ மருமவனே, டீ ஆறுது" என்று குரல் கொடுத்தார். அதுவரை 'மொதலாளி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய் அது. அய்யாத்துரைக்கு முகம் சிறுத்துப்போனது. ஆனால் பாரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவரே அல்லவா, எந்த வாயால் மறுப்பார்?

அத்தை பதவியில் பேராச்சிக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதலில் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நெருளுக்குப் போய் மகளைப் பார்க்க ஒரு ஞாயிறு சுட்டி, அதாவது லீவு, கேட்டபோது, "வீட்டு ஆளுக்கு என்ன அத்தை சுட்டி?" என்றார் அய்யாத்துரை. அவர் மனைவி ஆவுடையம்மாள் ஞாயிறுதோறும் அத்தையைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள். குடும்பம் என்றான பிறகு அண்டா தேய்க்க வெளியாளைக் கூப்பிடுவார்களா? வீட்டில் விசேஷம் என்றால் அத்தைக்குக் கடைசிப் பந்தி. தீபாவளிக்கு மற்ற ஒன்பது பேருக்கும் போனஸ் கொடுத்தபோது, குடும்பத்துக்குள் என்ன போனஸ் என்று கேட்டுவிட்டார்கள்.

பேராச்சி அதற்குச் சண்டை போடவில்லை. அத்தனை பேரும் கவர் வாங்கி எண்ணிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "செரிதான் மருமவனே. அப்பம் அத்தைக்குத் தீவாளிச் சேலை எங்க?" என்று கேட்டார். கார்கானா முழுக்க மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அய்யாத்துரை அன்று சாயங்காலமே ஒரு நீலச் சேலை வாங்கி வரும்படி ஆயிற்று. தங்கை என்றால் செலவு என்று பயந்தவருக்கு அத்தையும் செலவாகவே முடிந்தது.

இப்போது இசக்கிசெல்விக்கு வருகிறேன். ஜிப் மிஷினில் உட்காருகிறவள். இருபத்தாறு வயது. போன வருஷம் மார்ச்சில் அவளுக்கு ஆறு மாதம். அவள் புருஷன் டிராம்பேயில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவன். மாதத்தில் பாதி நாள் கூப்பிட மாட்டார்கள். பிரசவத்துக்குச் சுட்டி வேண்டும் என்று அவள் கேட்டபோது அய்யாத்துரை ரொம்ப அன்பாகப் பதில் சொன்னார்: "தாராளமா போய்ட்டு வா தாயி. நல்லபடியா பெத்துப் பொழச்சு வா. வந்தா ஒன் மிஷின் இருக்குமான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

அடுத்த முறை நான் போனபோது இசக்கிசெல்வி என்னை நிறுத்தினாள். சுவரில் நான் மாட்டிய சட்டப் பலகை, அட்டி அட்டியாய் அடுக்கிய பைகளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருக்கும் அதை, மாட்டிய நானே முழுதாகப் படித்ததில்லை. இவள் தமிழ் படிக்கத் தெரியாதவள், முனிசிபல் ஹிந்திப் பள்ளியில் படித்தவள். ஹிந்தி எழுத்தும் மராத்தி எழுத்தும் ஒன்றுதானே, பைகளை நகர்த்திவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள்.

"சார், இதுல சம்பளத்தோட இருவத்தாறு வாரம் சுட்டின்னு போட்டிருக்கு. திரும்பி வந்தா அதே வேலை குடுக்கணும்னு போட்டிருக்கு. நெசமா?"

"நிஜம்தாம்மா. ஆனா பத்துப் பேர் இருந்தாத்தான்."

"பத்துப் பேரு இருக்கோமே."

"ஒன்பது. பேராச்சி குடும்பத்து மனுஷி."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. "மொத புள்ளைக்கு வேற கார்கானாவுல இருந்தேன் சார். வேல போயிரும்னு பயந்து இருவதாம் நாளு மிஷின்ல ஒக்காந்தேன். சட்டை நனஞ்சு நனஞ்சு காயும். புள்ளைக்குப் பவுடர் பாலு. வயித்தால போயி, மூணாம் மாசம் இல்லாமப் போச்சு" என்றாள். பிறகு மிஷினுக்குப் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அய்யாத்துரையிடம் கையெழுத்து வாங்கி, வெட்கப்பட்டுக்கொண்டே அவர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

இசக்கிசெல்வி அன்று சாயங்காலம் பேராச்சியிடம் போயிருக்கிறாள். வேலை செய்கிறவள்தான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அத்தை, நாம் பத்துப் பேர் ஆகிவிடுவோம் என்று கேட்டிருக்கிறாள். பேராச்சி பிடி கொடுக்கவில்லை. "எனக்கு என்னட்டி தெரியும்? மருமவன் சோத்துல மண்ணு போடவா? எனக்கும் வயசாச்சு, என்னைய எவன் வேலைக்கு வைப்பான்" என்று சொல்லியனுப்பிவிட்டார். அதிலும் நியாயம் இருந்தது. அந்த வயதில் வேலை போனால், தாராவியில் நூல் வெட்ட நூறு பேர் வரிசையில் நிற்பார்கள்.

ஆனாலும் இசக்கிசெல்வி தொழிலாளர் துறையிடம் போனிலேயே புகார் பதிந்துவிட்டாள். ஏப்ரல் மூன்றாவது வாரம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. நான் ஓடினேன்.

விசாரணை நாளில் அய்யாத்துரையின் ஏற்பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். பேராச்சியைத் தீபாவளி நீலச் சேலை உடுத்தச் சொல்லி, தன் சொந்தச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். மேலே ஃபேன். கையில் ஜூஸ். கழுத்துக் கத்தரியைக் கழற்றி அலமாரியில் பூட்டியாயிற்று. பதினோரு வருஷத்தில் அந்தக் கார்கானாவில் பேராச்சி நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உடம்பில் முள் குத்தியவர் மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருங்க, போதும்" என்று நாலு தரம் சொன்னார் அய்யாத்துரை.

அதிகாரி மராத்திக்காரப் பெண்மணி. மூக்குக்கண்ணாடி, தோளில் துணிப்பை, யாரிடமும் டீ வாங்கிக் குடிக்காத பழக்கம். வந்ததும் ஒவ்வொருவராக எண்ணினார். ஒன்பது வந்ததும் நாற்காலியைப் பார்த்தார்.

"இது யார்?"

"மேரி ஆன்ட்டி" என்றார் அய்யாத்துரை. "எங்ககூடத்தான் இருக்காங்க. பொழுது போகறதுக்காக வந்து உக்காருவாங்க." இதையெல்லாம் ஹிந்தியில் சொன்னார். பொய்க்கு அவர் ஹிந்தி சரளமாக வரும்.

ஆன்ட்டி என்றால் எந்த வழியில் என்று அதிகாரிக்குத் தெரியவேண்டியிருந்தது. மராத்தியில் அப்பாவின் தங்கைக்கு ஒரு சொல், தாய்மாமன் மனைவிக்கு வேறொரு சொல். "ஆத்யாவா, மாமியா?" என்று பேராச்சியிடமே கேட்டார்.

பேராச்சிக்கு 'மாமி' மட்டும்தான் காதில் விழுந்தது. "நா மாமி இல்லம்மா. மாமியெல்லாம் மாதுங்காவுல இருக்காவ" என்று என்னைக் கைகாட்டினார்.

நான் நடுவில் விழுந்து, ஆத்யாதான் மேடம், அப்பாவின் தங்கை என்று விளக்கினேன். அதிகாரி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். பிறகு நிதானமாகப் படித்தார். முதலாளியின் குடும்பத்தவர் என்றால் கணவன், மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, சகோதரன், சகோதரி. அவ்வளவுதான். மூடிவைத்தார்.

"இந்தப் பட்டியலில் ஆத்யாவும் இல்லை, மாமியும் இல்லை. நீங்கள் நிரப்பிய பாரம்தானே?" என்று என்னைக் கேட்டார்.

அய்யாத்துரை என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தங்கை என்று போட்டிருந்தாலாவது கொஞ்சம் வாதாடியிருக்கலாம். ஒரு சீர்வரிசைக்குப் பயந்து சட்டத்தில் இல்லாத உறவைத் தேடிப் பிடித்திருந்தோம், நாங்கள் இரண்டு புத்திசாலிகளும்.

ஆனால் அதிகாரி நியாயஸ்தர். உறவு எதுவாகவும் இருக்கட்டும், இந்த அம்மா இங்கே வேலை செய்தால் பத்து, சும்மா வந்து உட்கார்ந்தால் ஒன்பது, அவரே சொல்லட்டும் என்றார். கார்கானாவில் ஒரு மிஷினும் ஓடவில்லை. இசக்கிசெல்வி வயிற்றில் கைவைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அய்யாத்துரை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தமிழில், மெதுவாக, பேராச்சியின் பக்கம் குனிந்தார். "சொல்லுங்க அத்தை. வேலையெல்லாம் ஒண்ணும் செய்யலை, மருமவன் வீட்டுல சும்மா ஒக்காந்து சாப்புடுதேன்னு சொல்லுங்க."

அய்யாத்துரை திருநெல்வேலிச் சீமைக்காரர். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் பொய் சொல்லச் சொல்லலாம், பட்டினி கிடக்கச் சொல்லலாம்; பத்துப் பேர் பார்க்க 'சும்மா உட்கார்ந்து தின்கிறேன்' என்று சொல்லச் சொல்லக் கூடாது.

பேராச்சி ஜூஸ் தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். சுழல் நாற்காலி தன்பாட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றிற்று.

"என்ன சொன்னீரு? சும்மா ஒக்காந்து திங்கேனா? பதினோரு வருசமா இந்தச் சாக்குல குத்தவச்சு நூலு வெட்டுதேன். ஒம்ம வீட்டு அண்டாவெல்லாம் யாரு தேச்சா? சும்மா தின்னு ஒடம்பு வளத்தவ எங்க வம்சத்துலயே கெடையாது. எடும்வே என் கத்திரிய."

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தேவைப்படவும் இல்லை. அலமாரியைத் திறந்து கத்தரியை எடுத்துக் கொடுத்தவர் அய்யாத்துரைதான். அத்தை போட்ட சத்தத்தில் கை தானாகப் போய்விட்டது. பேராச்சி நீலச் சேலையோடு சாக்கில் உட்கார்ந்து, கைக்கு எட்டிய பையை இழுத்து, நூலை வெட்ட ஆரம்பித்தார். அதிகாரி ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தாளில் பத்து என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

இசக்கிசெல்வி ஜிப் மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். பேராச்சி நிமிர்ந்தே பார்க்காமல், "ஏட்டி, சரக்கு நனையுது" என்றார்.

அடுத்த வாரம் அவள் சுட்டியில் போனாள். ஜூனில் பெண் குழந்தை. பேராச்சியைப் பழிவாங்க அய்யாத்துரைக்கு ஆசை இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அதிகாரியின் தாளில் பெயர் ஏறிவிட்டது. சந்து முழுக்க அவரை அத்தை என்று தெரிந்துவிட்டது. தொழிலாளியை நீக்கினால் சட்டம் கேட்கும், அத்தையை விரட்டினால் ஊர் கேட்கும். பேராச்சி இரண்டு பதவியையும் விடவில்லை. ஞாயிறு நெருளுக்குப் போய்வந்தார். ஜிப் மிஷினுக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் என்று ஒரு பையனை வைத்தபோது, "அது அவ மிஷின், பாத்துக்கோ" என்று தினமும் காலையில் அவனுக்கு ஞாபகப்படுத்தினார்.

இசக்கிசெல்வி திரும்பி வந்தது ஐப்பசியில். அன்று நானும் அங்கே இருந்தேன், பத்துப் பேருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க. குழந்தையைப் பக்கத்துக் கோலியில் மாமியாரிடம் விட்டிருந்தாள். பால் கொடுக்க இரண்டு முறை போய்வந்தாள், அதுவும் பலகையில் இருக்கிறது என்று. ஜிப் மிஷினில் அவள் உட்கார்ந்ததும் பேராச்சி முதல் பையை வாங்கி, ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, கோணல் என்று அவள் மடியில் திருப்பி எறிந்தார். இருவரும் சிரித்தார்கள்.

பேராச்சி தன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். பெயர், வயது, வேலை நூல் வெட்டுதல், வாரம் ஒரு நாள் விடுமுறை என்று படித்தேன். அவர் அதை மடித்து நீலச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "அன்னிக்கு ரோஷத்துல சொன்னேளா, இல்லை இந்தப் பொண்ணுக்காக வேணும்னே சொன்னேளா?"

"ரெண்டும் வேற வேறயா சார்?" என்றார். கத்தரி நிற்கவில்லை. அடுத்த பையை இழுத்துக்கொண்டே, "ஒங்க ஆபீசு மொதலாளி ஒங்களுக்குச் சொந்தமாமே, இசக்கி சொன்னா" என்றார்.

"ஆமா. அத்திம்பேர். அக்கா ஆத்துக்காரர்."

"அதான் கேக்கேன். ஞாயித்துக்கெழம அவ்வொ வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் குடுப்பியளோ?"

ஒவ்வொரு ஞாயிறும் மார்க்கெட்டுக்குப் போகிறவன் நான். அக்கா வீட்டு வேலைதானே என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாதுங்காவுக்குத் திரும்பியதும் எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அதை எழுதுகிறவனும் நான்தான். ஒன்பது பெயர்கள் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. என் பெயர் இல்லை. உள்ளேயிருந்து அத்திம்பேர், "பத்ரி, அந்தப் பை கார்கானா மாதிரி வேற எங்கயும் ஆயிடப் போறது. நம்மாத்து மனுஷா நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்" என்றார்.

சரி அத்திம்பேர் என்று சொல்லிவிட்டு, விரலை வைத்து இன்னொரு தரம் எண்ணினேன்.